பின்னங்கால் பிரேக்

— டிரைவரம்மா, பிரேக்! மறுபடியும் பிரேக்கை மிதிக்கிறீங்க!

— இந்தச் சக்கரப் பலகையில பிரேக்கே இல்லையே, கோச்சு. இல்லாததை நான் எங்க மிதிக்கிறது?

— இல்லதான். ஆனா உங்க வலது கால் அதைத் தேடிக்கிட்டே இருக்குது. பயம் வந்ததும் பின்னங்காலை அழுத்தறீங்க, பலகையோட மூக்கு மேல தூக்குது, அப்புறம் தரையில உக்காந்துடறீங்க.

— காலம்பூரா பஸ் ஓட்டின காலும்மா இது. எதிர்ல எதாச்சும் வந்தா என்னைக் கேக்காமலே அழுத்திடும்.

— இப்ப எதிர்ல என்ன வந்துச்சு?

— இதோ, இந்த டெய்லரம்மா வந்தாங்க! ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, சிக்னலே போடாம திரும்பறாங்க.

— ஏங்க சம்பந்தி, நான் என்ன லாரியா? கட்டடத்துக்கு அடியில கார் நிறுத்துற இடம் மொத்தமும் காலியா கிடக்குது. அதுல ஒரே ஒரு தூணைத் தேடிப் போய் இடிச்சது யாரு?

— தூணை அங்க வெச்சவன் தப்பு. ரோட்டுக்கு நடுவுல யாராச்சும் தூண் வெப்பானா?

— ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

— பேசுவீங்க, பேசுவீங்க. நீங்களும்தான் தையல் மிஷினை மிதிக்கிறீங்க, உங்க கால் மட்டும் எப்படி அடங்கிக் கிடக்குது?

— நான் மிதிக்கிறது ஓடறதுக்கு, நீங்க மிதிக்கிறது நிக்கிறதுக்கு. அதோட, துணியைத் தள்ளக் கூடாதுங்க. கையால வழியை மட்டும் காட்டணும், அதுவா போகும். இதுவும் அப்படித்தான்.

— அப்படிச் சொல்லுங்க! டிரைவரம்மா, இந்த ஸ்கேட்டோட முன்சக்கரம் வளைஞ்சு குடுக்கும், கடல்ல அலை மேல சறுக்கற போர்டு மாதிரியே. முட்டியை மடக்குங்க, தோளைத் திருப்புங்க. கண்ணு எங்க போகுதோ பலகையும் அங்கதான் போகும். தூணைப் பாத்தா தூணு.

— ரைட்டு. தூணைப் பாக்கல.

— இப்ப ஸ்கேட்டை ஓரமா வெச்சுட்டு ரெண்டு பேரும் பாயில குப்புறப் படுங்க. படுத்தபடியே ஒரே துள்ளல்ல எழுந்து நிக்கணும்.

— படுத்தா எந்திரிக்கவே யோசிக்கிற வயசுல, படு, எந்திரி, படு, எந்திரின்னா எப்படி?

— பாதியில முட்டி போடாதீங்க டெய்லரம்மா, அரைக்கிணறு தாண்டின கதையாயிடும். ம்ம், சூப்பர்! இன்னும் ஒண்ணு!

— அம்மாடி! நாளைக்கு நான் மாடிப்படியில உக்காந்துக்கிட்டேதான் இறங்கப் போறேன்.

— போதும், எழுந்துக்கங்க. டெய்லரம்மா, மேல வண்டியில கடலுக்கு எடுத்துட்டுப் போற போர்டெல்லாம் ஒழுங்கா கட்டியிருக்கான்னு பாத்துட்டு வர்றீங்களா?

— முடிச்சு விஷயமா? என்கிட்ட விடும்மா. சம்பந்தி, நான் வர்றதுக்குள்ள தூணைச் சாய்ச்சுடாதீங்க, மேல கட்டடம் நிக்குது!

— போங்க, போங்க... போயிட்டாங்களா, கோச்சு?

— போயிட்டாங்க. உங்களுக்கு என்னாச்சு? போன வாரமெல்லாம் இந்தக் கால் சமத்தாத்தானே இருந்துச்சு?

— காலையில என் பொண்ணு போன் பண்ணா. அவளும் இவங்க மகனும் பிரிஞ்சுடப் போறாங்களாம்.

— ஐயோ. சண்டையா?

— சண்டையும் இல்ல, சச்சரவும் இல்ல. உக்காந்து பேசி முடிவெடுத்தாச்சாம். வளர்ந்த பிள்ளைங்க, அவங்க வாழ்க்கையை அவங்க பாத்துப்பாங்க. குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன், முகத்தைக் கழுவிட்டு வந்துட்டேன். எனக்கு இப்ப வேற பயம்.

— என்ன பயம்?

— இந்த அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? மகன் இன்னும் சொல்லல போல. எப்படிச் சிரிச்சுக்கிட்டு ஏறிப் போனாங்க பாரு. சொல்லிட்டா அப்புறம் நாங்க ஒருத்தருக்கொருத்தர் யாரு? சம்பந்தியும் இல்ல, சொந்தமும் இல்ல. கல்யாணத்துல முன்வரிசை நாற்காலிக்கு முறைச்சுக்கிட்ட ரெண்டு பொம்பளைங்க, அவ்வளவுதான்.

— அப்படியெல்லாம் ஆயிடாது.

— உனக்குத் தெரியாதும்மா. பிள்ளைங்க பிரிஞ்சா பெத்தவங்க எதிரெதிர் பக்கம் போய் நிக்கணும், அதுதான் ஊர் வழக்கம். என் வீட்டுக்காரர் போனப்புறம் நான் வயிறு வலிக்கச் சிரிச்சதெல்லாம் இந்த அம்மாவோடதான். அதை விட்டுட்டு நான் எங்க போவேன்?

— அப்ப சொல்லாதீங்க. கொஞ்ச நாள் போகட்டும்.

— தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல நின்னு பல்லைக் காட்டறதா? எனக்கு வராது. முதல்ல ஒரு அலை. நுரையில உருள்ற அலை இல்ல, உடையாத முழு அலை. அதுல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை நின்னுடறோம். கரைக்கு வந்ததும் சொல்லிடறேன்.

— சம்பந்தி! கோச்சு! ஏங்க, கீழ என்ன குடித்தனமே வெச்சுட்டீங்களா? வாங்க, கடல் காத்துக்கிட்டிருக்குது!

— வர்றோம், வர்றோம்! கோச்சு, நீ வாயைத் திறந்துடாதே.

— நான் கரையில நின்னு கையை மட்டும் ஆட்டறேன், டிரைவரம்மா. அலை உங்களோடது.

*

— ஏங்க, தண்ணி என்ன இப்படிச் சில்லுன்னு இருக்குது! முதுகுல ஊசி ஏத்தற மாதிரி இருக்குது.

— ம்.

— என்ன ம்? இன்னைக்கு வாயில பொத்தான் போட்டுட்டு வந்தீங்களா?

— அலையைப் பாக்கறேன், சம்பந்தி.

— அதோ ஒண்ணு வருது!

— அது நமக்கு வேண்டாம், விட்டுடுங்க. டபுள் டெக்கர் மாதிரி வருது.

— அதுக்குப் பின்னாடி ஒண்ணு, பாருங்க. அளவெடுத்துத் தெச்ச மாதிரி!

— ஆமா, ஆமா! திரும்புங்க! கையைத் துடுப்பாப் போடுங்க!

— போடறேன், போடறேன்!

— இன்னும் வேகமா! தூக்குது, சம்பந்தி, தூக்குது!

— எந்திரிங்க!

— நின்னுட்டேன்! ஐயோ, நான் நின்னுட்டேன்! நீங்க எங்க?

— உங்க பக்கத்துலதான்! நானும் நிக்கிறேன்! என்னைப் பாக்காதீங்க, கரையைப் பாருங்க!

— கால் அழுத்துது! தானா அழுத்துது!

— விடுங்க அதை! முன்னால சாயுங்க! உங்களுக்கு எதிர்ல யாரும் இல்லைங்க!

— போலாம், ரைட்!

— ரைட்டு, ரைட்டு! ஐயோ, பறக்கறோம்!

— கோச்சு குதிக்குது பாருங்க! நம்மளவிட அதிகமா குதிக்குது!

— மண்ணு தட்டுது, இறங்குங்க!

— கடைசி ஸ்டாப்பிங்! எல்லாரும் இறங்கிக்கங்க!

— ஏங்க, வயிறு வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க... சம்பந்தி? சிரிக்கிறீங்களா, அழறீங்களா?

— ரெண்டும்தான். சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— பிள்ளைங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுடறாங்களாம். என் பொண்ணு காலையிலதான் சொன்னா.

— ம்.

— உங்க மகன் நல்ல பிள்ளை. நான் அவனை ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டேன்.

— உங்க பொண்ணும் தங்கம்தாங்க.

— என்ன இவ்வளவு நிதானமா நிக்கிறீங்க? என்னைத் திட்டவாச்சும் திட்டுங்க. இனிமே உங்களை நான் என்னன்னு கூப்பிடுவேன்?

— ஏங்க, தொளதொளன்னு இருக்கிற பழைய சட்டையைப் பிடிச்சுக் குடுக்கச் சொன்னா நான் முதல்ல என்ன செய்வேன் தெரியுமா? புதுத் தையலை ஓட்டிடுவேன். பழைய தையலைப் பிரிக்கிறது அதுக்கப்புறம்தான். முன்னாடியே பிரிச்சுட்டா துணி ஆளுக்கொரு பக்கம் போயிடும்.

— நான் என்ன கேக்கறேன், நீங்க தையல் பாடம் நடத்தறீங்களே!

— உங்க பொண்ணு வாயால உங்களுக்குத் தெரியட்டும்னுதான் வாயைக் கட்டிக்கிட்டிருந்தேன், சம்பந்தி. என் மகன் என்கிட்ட அழுது சொன்ன மறுநாள் காலையிலதான், மொத மொதலா நான் உங்க வீட்டுக் கதவைத் தட்டி, வாங்க, கடல்ல போய் விழலாம்னு கூப்பிட்டேன்.