இரண்டு பெட்டிகளில் ஒரு தும்பி

இந்த நினைவுக் கூட்டத்தின் மேடையில் இருக்கும் அருங்காட்சியக இயக்குநர் அவர்களே, என் கணவரோடு பணியாற்றிய ஆய்வாளர்களே, இடமில்லாமல் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களே, உறவினர்களே, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். கல்லில் பதிந்த ஒரு தும்பிக்கு என் கணவர் என் பெயரை வைத்ததாகவும், அதைப் பிரிய மனமின்றி நான் வீட்டில் வைத்திருப்பதாகவும் எனக்கு முன் பேசிய இருவர் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். முன்பாதி உண்மை. கல் வீட்டில் இருப்பதற்குப் பின்பாதியில் சொன்ன காரணம் உண்மையில்லை. அந்தப் பெயரை நீக்கச் சொல்லிப் பதினோரு ஆண்டுகளாகக் கேட்டுவருபவளே நான்தான்.

நீங்கள் பேராசிரியர் என்று அழைத்த அந்த மனிதர் நாற்பது ஆண்டுகள் என்ன செய்தார்? கல்லில் பதிந்த இறக்கைகளைப் பார்த்தார். நரம்புகளை எண்ணினார். இறக்கையின் முன்விளிம்பில் சிறு முடிச்சு இருந்தால் தும்பி. இல்லாவிட்டால் அதைவிடப் பழைய உறவு. அப்படி ஒன்று வந்தால், "இது தும்பி இல்ல, தும்பிக்கு ஒண்ணுவிட்ட பெரியப்பா" என்பார். முறை தெரியாமல் எதையும் பெட்டியில் வைக்க மாட்டார்.

அந்த இறக்கைகளை வரைந்தவள் நான். கான்வென்ட் ஓவிய வகுப்பு எனக்குத் தந்தது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத கோட்டை நான் போட மாட்டேன்.

எட்டாம் பெட்டியில் ஓர் இடது இறக்கை. கல்குவாரி மேஸ்திரி கொண்டுவந்தது. அதற்கு என் கணவர் அப்போதே ஒரு பெயர் வைத்துவிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே குவாரியிலிருந்து ஒரு வலது இறக்கை வந்தது. மேஸ்திரியின் மருமகன் அதைக் காகிதம் பறக்காமலிருக்க மேசைமேல் வைத்திருந்தாராம். முதலாவதில் முடிச்சுவரை ஏழு குறுக்கு நரம்புகள். இரண்டாவதில் ஐந்து. ஆகவே அது புதிய இனம் என்று முடிவுசெய்து, என் பெயரை வைத்தார். பதினான்காம் பெட்டி. எங்கள் இருபத்தைந்தாம் திருமண நாளன்று சொன்னார். மகிழ்ந்தேன், மறுக்கவில்லை.

பிறகு, அவருடைய புத்தகத்துக்காக அதை மறுபடி வரைய உட்கார்ந்தேன். சுண்ணாம்புப் படிவை ஊசியால் சுரண்டினால், அடியில் இன்னும் இரண்டு நரம்புகள்! எட்டாம் பெட்டிக் கல்லை எடுத்து இதன்மேல் கவிழ்த்தேன். டப்பாவும் மூடியும்போல் பொருந்தியது. ஒரே கல் இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஒன்றில் இறக்கை, மற்றதில் அதன் அச்சு. கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகியிருக்கிறது. ஒரே தும்பிக்கு இரண்டு பெயர்கள். முதலில் வைத்ததுதான் நிற்கும். அது இத்துறையின் விதி.

சொன்னேன். "பாக்கலாம்" என்றார். அடுத்த ஆண்டும் "பாக்கலாம்." ஒரு நரம்பு தவறினால் மாணவர்களின் கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர், இதில் மட்டும் பதினோரு ஆண்டுகள் மழுப்பினார்!

சென்ற மாதம், படுக்கையில் இருந்தபடி இரண்டு கற்களையும் கேட்டார். ஆய்வக உதவியாளர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் கணவர் தன் கையாலேயே கவிழ்த்துப் பார்த்தார்.

"கச்சிதமா உக்காருது."

"பதினோரு வருஷமா அப்படித்தான் உக்காருது."

"உன் பேரு போயிடுமேடி."

"கல்யாணப் பத்திரிகையில இருக்குல்ல, அது போதும். எழுதுங்க."

சிரித்தார். எழுதினார். ஒரு பக்கம், கையெழுத்தோடு. ஆறாம் நாள் இறந்தார்.

அந்தத் தாளை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை. இயக்குநர் வீட்டுக்கு வந்து, "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? சாரோட மரியாதை குறைஞ்சிடக் கூடாதுல்ல" என்றார். இன்றைய அழைப்பிதழில் அதே தும்பியை, என் பெயரோடு அச்சிட்டிருக்கிறீர்கள். தன் தவறைத் தானே திருத்தியவரின் மரியாதை குறையுமா? அவர் கடைசியாக எழுதிய பக்கத்தை மறைத்துவிட்டு, வேறு எந்தப் பக்கத்தை வைத்து அவரைப் புகழப்போகிறோம்?

கற்கள் இரண்டும் இந்தப் பையில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் ஒப்படைக்கிறேன். ஒரே பெட்டியில் வையுங்கள். இன்னும் முப்பத்தோரு இறக்கைகள் வரையப்படாமல் இருக்கின்றன. கண் தெரியும்வரை வரைவேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு, அருங்காட்சியகத்தில் என் ஜன்னலோரத்து மேசையில் இருப்பேன்.

இயக்குநர் அவர்களே, என் கணவரின் திருத்தம் எந்தத் தேதியில் வெளியாகும், பதினான்காம் பெட்டியிலிருந்து என் பெயர்ச்சீட்டு எந்தத் தேதியில் எடுக்கப்படும் என்பதை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.