எக்சாஸ்ட் குழாய்க்கு என்ன நிறம்?

அல்சூர் ஏரிக்காற்றைவிட அமைதியாக இந்த அவையை ஆளும் தலைவர் கோவிந்தராஜன் அவர்களே! இருபதாண்டு ஜெட் எஞ்சின்களோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்று, இன்று எங்கள் பொம்மை விமானங்களுக்கு நடுவராக வாய்த்த பெருமாள்சாமி அய்யா அவர்களே! அரைநாள் லீவு போட்டு வந்த அன்பர்களே! முன்வரிசைத் தாய்மார்களே! அவர்களுள், பார்வையிலேயே பால் காய்ச்சக்கூடிய என் மனைவி பெர்னதெத் அவர்களே! வணக்கம்.

1998ஆம் ஆண்டின் சிறந்த நிறத்துக்கான கோப்பையை, பிரேசர் டவுன் சில்வெஸ்டராகிய என் கையில் தந்த நடுவர், "எக்சாஸ்ட் குழாய்க்கு என்ன பெயின்ட் அடிச்சே? அதை மட்டும் சொல்லு" என்றார்.

அன்பர்களே! காற்றைக் கிழிக்கும், கனலைக் கக்கும், காதைப் பிளக்கும் அந்தக் குழாய் என்ன நிறம்? வெள்ளியா? இல்லை. கறுப்பா? அதுவும் இல்லை! இரண்டாண்டுக்கு முன், கேட்டுக்கு அடிக்கும் சில்வர் பெயின்ட் அடித்தேன். அய்யா குனிந்து பார்த்து, "என்னப்பா, சைக்கிள் ரிம்மா?" என்றார். போன ஆண்டு கறுப்பு அடித்தேன். "பஜ்ஜி சட்டியா?" என்றார். சிரிக்காதீர்கள், நான் அழுதேன்!

விடுவேனா? பெயின்ட் கடையில் நூற்றைம்பது நிறமுள்ள அட்டையை வாங்கிக்கொண்டு எலகங்கா விமானக் கண்காட்சிக்குப் போனேன். ஜெட்டின் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, அட்டையை உயர்த்தினேன். காவலர் ஓடிவந்தார்.

"என்ன சார், இதுக்கா பெயின்ட் அடிக்கப் போறீங்க?"

"பொம்மைக்கு சார்."

அவரும் அட்டையை வாங்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இதுல இல்ல சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

யாரங்கே "சாக்கு, சாக்கு" என்பது? போதும் என்பதைக் கன்னடத்தில் சொன்னால் நிறுத்திவிடுவேனா? போதாது தம்பி, இன்னும் பெயின்ட் பேரே சொல்லவில்லையே!

ஒரு ஞாயிறு காலை. பெர்னதெத் பூசைக்குப் போயிருந்தார். எவர்சில்வர் டம்ளர் ஒன்றை அடுப்பில் கவிழ்த்தேன். தேன்நிறம் வந்தது, ஊதா வந்தது, நீலம் வந்தது, என் கண்ணில் நீரும் வந்தது! அடியை அறுத்தெறிந்துவிட்டு, மீதியைக் குழாயாக விமானத்தின் வாலில் பொருத்தினேன். பெயின்ட்டே அடிக்கவில்லை அய்யா! "ரிவெட் ஆணி வரிசையைக்கூட விடலையே!" என்று மெச்சினீர்களே, அது ரிவெட் அல்ல. பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிய பேர். "பெர்னதெத், 1981." தாய்வீட்டுச் சீர்!

ஆறு டம்ளரில் ஒன்று எங்கே என்று அவர் கேட்டபோது, மாடிவீட்டு ஜெயலட்சுமி அம்மாள் வாங்கிப்போனதாகச் சொன்னேன். மூன்று வாரமாக இருவரும் பேசுவதில்லை. இதோ, ஒரே வரிசையில் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எடுத்தவன் யார்? நான்! எரித்தவன் யார்? நான்! அறுத்தவன் யார்? நான்! ஒரு பாவமும் அறியாத அம்மாள்மீது பழி போட்டவனும் நானேதான்! வெட்கமாக இருக்கிறது. மன்னியுங்கள் அம்மா. தலைவரே, இந்தக் கோப்பையைத் திருப்பித் தருகிறேன்.

என்ன அய்யா? "நிறத்துக்குத்தானே கப்பு? நிறம் சரி, வச்சுக்கோ" என்கிறாரா நடுவர்?

ஐயோ, பெர்னதெத் எழுந்துவிட்டார். மேடைக்கா? இல்லை, மறு ஓரத்துக்குப் போய், ஜெயலட்சுமி அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார். ஏதோ சொல்கிறார், சற்று அமைதி...

"அந்தக் கப்பைக் கொண்டாங்க! ஆறாவது டம்ளர் வேணும்ல? நாளைக்கு இவங்களுக்கு அதுலதான் காபி. உங்களுக்கு அந்த விமானத்துல ஊத்தித் தரேன்!"

உத்தரவு! அடியில்லாத டம்ளரில் காபி குடிக்கப் போகும் இந்த அடியேன், பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, வணங்கி, கோப்பையோடு கீழே இறங்குகிறேன்.