இருபதாவது சீட்டு

— டீயெல்லாம் அப்புறம் டாக்டர். முதல்ல கையெழுத்து. பதினாலு மருந்துச் சீட்டு எழுதி அடுக்கி வச்சிருக்கேன். முத்திரைய வெளிய எடுங்க.

— பொறு பெர்மெத். கணவாயத் தாண்டி ஆறு மணி நேரம் குதிரை மேல வந்திருக்கேன். இடுப்பு இன்னும் சேணத்துலயே இருக்கு. ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

— ஆமா போங்க, வர்றப்ப எல்லாம் இதே பாட்டுதான். இந்தாங்க, போர்சோக் ரொட்டி இப்பத்தான் பொரிச்சேன், சூடா இருக்கு. தின்னுக்கிட்டே போடுங்க. ஜூமாகுல் பொண்ணு மீரிமுக்கு வலிப்பு மாத்திரை இன்னைக்கோட தீருது. வாசல்லயே உக்காந்திருக்கான் மனுஷன்.

— நான் போடல.

— என்ன?

— ஒண்ணுலயும் போடப் போறதில்ல. இந்தா, இந்தப் பொட்டலத்தப் பிரி.

— என்ன இது? முத்திரையா? கனமா இருக்கே… டாக்டர், இதுல என் பேரு போட்டிருக்கு!

— உன் பேருதான். நல்லாப் பாரு. கூடவே ஒரு காகிதம் இருக்கே, அதுதான் உத்தரவு. டாக்டர் இல்லாத ஊர்ல இனிமே உன்ன மாதிரி டாக்டருக்குக் கீழ வைத்தியம் பாக்குற பெல்ட்ஷரே சீட்டு எழுதலாம். உன் கையெழுத்து, உன் முத்திரை. என்னக் கேக்க வேண்டாம், யாரையும் கேக்க வேண்டாம்.

— ம்.

— என்ன ம்? பத்து வருஷமா என் காதப் புளிக்க வச்சவ நீதானே? "பிரசவம் பாக்கலாம், எலும்பு கட்டலாம், ஊசி போடலாம், பெல்ட்ஷர்ங்கிற பாவத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதக் கூடாதா?"ன்னு மேசையத் தட்டுனியே. குதிச்சு ஆடுவேன்னு நெனச்சேன்.

— தட்டுனேன்தான். யாரு இல்லைன்னா? அந்தப் பனிக்காலத்துல மீரிம் நுரை தள்ளிக் கிடந்தா. கணவாய் மூடி நாலு நாள் ஆச்சு. மாத்திரை என் பீரோலயே இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு, சீட்டு மட்டும் இல்ல. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரல.

— நீதான் குடுத்துட்டியே.

— குடுத்தேன். புள்ள பொழச்சா. எனக்குக் கண்டனக் கடிதம் வந்துச்சு.

— அதுக்கப்புறம் நான் சும்மாவா இருந்தேன்?

— ஐயோ, அதச் சொல்லாதீங்க! எந்த டாக்டராவது வெறும் சீட்டுல கையெழுத்தும் முத்திரையும் போட்டு, இருபதக் கட்டா ஒரு பொம்பள கைல குடுத்துட்டுப் போவாரா? "பனி உருகுற வரைக்கும் வச்சுக்கோ"ன்னு! உங்க அறிவ எந்தச் சந்தைல வாங்குனீங்க?

— எல்லாரும் அப்படித்தான் குடுத்தோம். எல்லாக் கணவாய்க்கும் அந்தப் பக்கம் ஒரு பெல்ட்ஷரும் ஒரு கட்டுச் சீட்டும் இருந்துச்சு. மாட்டினது நான் மட்டும்தான். ஆய்வாளர் எண்ணிப் பாத்தார். பத்தொம்பதுதான் கணக்குல வந்துச்சு. "இருபதாவது எங்க?"ன்னு கேட்டார். எலி கடிச்சிருக்கும்னு சொன்னேன். அதுக்குத்தான் தலைமை டாக்டர் பதவி கை விட்டுப் போச்சு.

— அதுக்கா பதவி போச்சு?

— ஏன் முகம் இப்படிப் போச்சு? பழைய கதை. சரி, மொதல் சீட்ட எழுது. மீரிமுக்கே எழுது. நான் பாக்கணும்.

— கேளுங்க டாக்டர். நான் எழுத ஆரம்பிச்சுட்டா நீங்க எதுக்கு வருவீங்க?

— வர மாட்டேன். அடுத்த மாசம் எனக்கு ஓய்வு. என் இடத்துக்கு ஆள் போடல. இந்தக் குளிர்ல யாரு வருவா? அதான் நானே மூணு மனு எழுதி, அலைஞ்சு, இந்த உத்தரவ வாங்கிட்டு வந்தேன். உன்னக் கையக் கட்டிப்போட்டு விட்டுட்டுப் போக மனசு வரல.

— அப்ப இன்னைக்குத்தான் கடைசி.

— இன்னைக்குத்தான் கடைசி.

— இவ்வளவு நேரம் டீயும் இடுப்புமாப் பேசிட்டு, இத இப்பச் சொல்றீங்க.

— எப்படிச் சொல்றதுன்னு கணவாய் பூரா யோசிச்சேன். தெரியல.

— மாசத்துல மொதல் செவ்வாய் நீங்க வருவீங்க. திங்கக்கெழம நான் திரைச்சீலையத் துவைப்பேன். கொடில திரைச்சீலையப் பாத்தா பக்கத்து வீட்டுக் காலிபா அக்கா ஊருக்கே கத்துவா, "டாக்டர் நாளைக்கு வர்றார்!"னு. கேலி பண்ணுவாளுங்க. எனக்குக் கோவமே வராது. புருஷன் விட்டுட்டுப் போனப்பகூட நான் இப்படி நாள எண்ணுனதில்ல டாக்டர். ரெண்டு மாசம் பனி மூடுனா, துவைச்சத மறுபடி துவைப்பேன். போதுமா? சொல்லிட்டேன். அம்பத்துநாலு வயசுல இதச் சொல்ல வேண்டியிருக்கு.

— பெர்மெத்…

— பேசாதீங்க. இந்த அலமாரி மேல்தட்டுல பஞ்சு டப்பா இருக்கு பாருங்க. எடுங்க. அடியில.

— பஞ்சுதான் இருக்கு. இல்ல, ஒரு காகிதம்… இது…

— எலி கடிக்கல.

— இருபதாவது!

— எழுத மனசு வரல. அதுல உங்க கையெழுத்து மட்டும் தனியா இருந்துச்சு, வேற ஒரு எழுத்தும் இல்லாம. பனி மூடுன நாள்ல எடுத்துப் பாப்பேன். அதால உங்க பதவி போச்சுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே மலையேறி வந்து அந்த ஆய்வாளர் மூஞ்சியில வீசியிருப்பேன்.

— எனக்கு அப்பவே தெரியும்.

— என்ன தெரியும்?

— எலி இல்லன்னு. உன் மருத்துவமனையில ஏது எலி? நீ விடுவியா? நீ ஏன் அத எடுத்து வச்சேன்னுதான் தெரியல. அதக் கேக்கத்தான் இந்தத் தனிக்கட்ட இத்தன வருஷம் இந்தக் கணவாய ஏறினேன். இங்க வந்ததும் "ரத்தக் கொதிப்பு எப்படி இருக்கு, இருமல் எப்படி இருக்கு"ன்னு பேசிட்டுத் திரும்பிடுவேன். குதிரைக்கே என்மேல வெறுப்பு வந்திருக்கும்.

— கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!

— நீ போடுற மருந்துக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. உனக்கு மேல உக்காந்து கையெழுத்து போடுற மனுஷன். நான் கேட்டா நீ மாட்டேன்னு எப்படிச் சொல்லுவ? அந்தப் பயம். இன்னைக்கு உன் முத்திரை உன் கைல இருக்கு.

— அதெல்லாம் போகட்டும். கடைசியா ஒண்ணு எழுதிக் குடுங்க. இந்தச் சீட்டுலயே. எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை. ஊருக்கே நான் எழுதலாம், எனக்கு நானே எழுதிக்கக் கூடாதாம். உங்க உத்தரவுல எட்டாவது விதி. இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு.

— எழுத முடியாது.

— ஒரு மாத்திரைக்குக்கூடவா? நாளைலேர்ந்துதான உங்களுக்கு நான் யாரோ. இன்னைக்கு எழுதுனா என்ன குறைஞ்சிடும்?

— எட்டாவது விதிய முழுசாப் படிச்சியா?

— படிச்சேன். "சீட்டு எழுதுபவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளக் கூடாது."

— அடுத்த வரி. சத்தமா.

— "தன் வீட்டாருக்கும் எழுதக் கூடாது. அதாவது கணவன், மனைவி…" டாக்டர்?

— அதான் என்னால எழுத முடியாதுன்னேன். நீ மாட்டேன்னு சொன்னா இந்த நிமிஷமே எழுதிக் குடுத்துட்டுக் குதிரை ஏறிடறேன். பேனா இதோ இருக்கு. சொல்லு.

— பேனாவ உள்ள வைங்க. இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் சீட்டு எழுத, வேற ஒரு டாக்டர்தான் கணவாய் தாண்டி வரணும்.