மூன்றாம் அறையின் வரி

ஓடுகிறேன். காலில் செருப்பில்லை. பட்டாசு மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் கழற்றிப் போட்டது. செவ்வாய்க்கிழமை. பதினொன்று நாற்பது. முதலில் மூட்டை விழுந்த மாதிரி 'பொத்' என்று ஒரு சத்தம். பிறகு கலவை அறையின் கூரை எங்கள்மேல் கொட்டியது.

"ஏலே, நிக்காதீக! வேலிப் பக்கம் ஓடுங்க!" போர்மேன் கத்துகிறார்.

எனக்கு ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூன்றாம் அறையில் என் மதினி எஸ்தர் இருந்தாள். அண்ணன் மனைவி. காலையில் தாயில்பட்டி விலக்கில் ஒரே வேனில் ஏறி வந்தோம். இப்போது புகையில் அந்த அறையே தெரியவில்லை.

கம்பெனிக்குள் போன் கிடையாது, ரேடியோ கிடையாது. பாட்டுத்தான். எங்கள் சபைப் பாட்டு ஒன்று, நாலு வரி. அறைக்கு ஒரு வரி. முதல் அறையில் இருந்து நான் எடுத்துக் கொடுப்பேன். நாலாம் அறை முத்துலட்சுமி அக்கா, மாரியம்மனுக்கு மஞ்சள் சேலை கட்டி விரதம் இருந்துகொண்டே கடைசி வரியைப் பாடுவாள். "எங்க ஆத்தா ஒண்ணும் கோவிக்க மாட்டா, நீ எடுத்து விடுத்தா" என்பாள். ஒரு அறைக்காரர்கள் லீவு என்றால் அடுத்த அறை அந்த வரியையும் சேர்த்துப் பாடும். பாட்டு அறுந்துவிடக் கூடாது. தீபாவளி சீசன் நேரத்துப் பயத்தை அதுதான் விரட்டியது.

வேப்பமரத்தடியில் நின்று முதல் வரியைப் பாடினேன். தொண்டையில் கந்தகம். காதில் ஒரே இரைச்சல். இரண்டாம் வரி வேலிப் பக்கமிருந்து வந்தது. அவர்கள் தப்பிவிட்டார்கள். காத்திருக்கிறேன். மூன்றாம் வரி, 'பயப்படாதே, பக்கத்தில் இருக்கிறேன்' என்று கர்த்தர் சொல்கிற வரி, புகைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. யார் குரல் என்று தெரியவில்லை. வரி மட்டும் தெரிந்தது. நாலாவதும் வந்தது. மதினி பிழைத்துவிட்டாள். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வேலியைப் பார்த்து ஓடினேன்.

பதினொன்று நாற்பத்தேழு. மூன்றாம் அறை வெடித்தது. பறந்து வந்த ஓடு என் முதுகைக் கிழித்தது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் முத்துலட்சுமி அக்கா. "எஸ்தர் அறைச் சத்தத்தக் காணமேன்னு நாந்தான்த்தா ரெண்டு வரியும் சேத்துப் படிச்சேன்." அவள்மேல் தப்பில்லை. என்மேல் உண்டு. ஏழு நிமிடம் இருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. கர்த்தர்மேலும் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் முதுகுக்குக் கட்டு மாற்றும்போது அதே பாட்டுத்தான் வாயில் வந்தது. அதைப் பாடித்தான் அந்த நாட்களைத் தாண்டினேன்.

எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அறையில் மூன்று பேர்: எஸ்தர், பாண்டியம்மாள், தை மாதம் கல்யாணம் வைத்திருந்த செல்வி. கலவை அறையில் கருப்பசாமி அண்ணன். மூன்றாம் அறை வாசலில் கிடந்த ஆறு செருப்பில் கிடைத்தது இரண்டு. இரண்டும் இடது கால். எஸ்தரின் தூக்குச்சட்டி கிடைக்கவில்லை. என் வலது காது இனிக் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் இன்னும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். மூன்றாம் வரி வரும்போது திரும்பிப் பார்க்கிறேன், யார் பாடுகிறார்கள் என்று.