யப்பானில் ஆறு நாள்

லோஜன்: மூண்டாம் நாள்?

பிரதீபா: கியோட்டோ. காலமை எட்டு மணிக்கு டோக்கியோவிலையிருந்து புல்லட் றெயின். பின்னேரம் தங்கக் கோயில்.

லோஜன்: அதின்ரை பேர்?

பிரதீபா: கின்… கின்காக்கு…

லோஜன்: ஜி. கின்காக்குஜி.

பிரதீபா: தங்கக் கோயில் எண்டு சொன்னால் போதாதே?

லோஜன்: ஆசைப்பட்டுப் பாக்கப் போறவளுக்குப் பேர் தெரியாமல் இருக்குமே?

பிரதீபா: நல்லூருக்கு வாற வெள்ளைக்காரருக்குப் பேர் வாயிலை வருதே? அவைக்கு விசா குடுக்கேல்லையே?

லோஜன்: பகிடியை விடு. விடிஞ்சால் கொழும்பிலை இன்ரவியூ. நாலாம் நாள்?

பிரதீபா: நாரா. மான் பாக்கிறது. நாங்கள் குனிஞ்சால் அதுகளும் குனிஞ்சு வணக்கம் சொல்லுமாம். போன மாசம் எங்கடை தாரிகாவுக்குச் சொல்ல, விழுந்து விழுந்து சிரிச்சவள்.

லோஜன்: நாலு வயசுப் பிள்ளைக்கு ஏன் உதெல்லாம் சொல்லுறாய்?

பிரதீபா: சிரிக்கட்டுமெண்டுதான்…

லோஜன்: ஐஞ்சாம் நாள்?

பிரதீபா: ஒசாக்கா. கோட்டை. ஆறாம் நாள் அங்கையிருந்தே பிளேன் ஏறி… வீட்டை வாறது.

லோஜன்: ஓம்.

பிரதீபா: இஞ்சாருங்கோ, திரும்பி வாற ரிக்கெற்றும் உண்மையான ரிக்கெற்தானோ?

லோஜன்: உண்மையானதுதான். அது இல்லாமல் விசா தரமாட்டாங்கள்.

பிரதீபா: அப்ப அந்தப் பிளேனிலை ரெண்டு சீற் வெறுமையா வரும். சரி, இவ்வளவு பாடமாக்கிறன். உண்மையிலை நான் எதைத்தான் பாக்கப் போறன்?

லோஜன்: முதல் நாள் அசாகுசாக் கோயில். சிவத்த வாசல், அதிலை பெரிய வெளிச்சக்கூடு தொங்கும். அதுக்குக் கீழை நீயும் சிவதர்ஷனும் நிண்டு படம் எடுக்கவேணும். பிறகு ஏஜென்சி வான் வரும். ரெண்டு பேரும் ஏறுறது.

பிரதீபா: ஏறி?

லோஜன்: சாப்பாட்டுப் பெட்டி அடைக்கிற பக்டரி எண்டுதான் ஏஜென்சிக் கனகரத்தினம் அண்ணை சொன்னவர்.

பிரதீபா: எந்த ஊரிலை?

லோஜன்: ஏஜென்சிக்காரர் அதெல்லாம் முன்னுக்குச் சொல்லாயினம்.

பிரதீபா: நடக்காத பயணத்துக்கு மணித்தியாலக் கணக்கிலை ஊர் பேர் இருக்கு. நான் போய்க் கிடக்கப்போற இடத்துக்குப் பேர் இல்லை.

லோஜன்: நான் போகவேண்டியது… இந்த வலக்கை மட்டும் சரியா இருந்திருந்தால்…

பிரதீபா: தொடங்காதேங்கோ.

லோஜன்: மூண்டு விரலை வள்ளத்து இஞ்சினுக்குக் குடுத்திட்டு வந்து நிக்கிறவனை எவன் எடுப்பான்? வலை இழுக்க ஏலாது. மெடிக்கல்லிலை ரெண்டு தரம் விழுத்திப்போட்டாங்கள்…

பிரதீபா: நான் உங்களை ஒருநாளாவது ஏதும் சொன்னனானோ?

லோஜன்: சொல்லியிருக்கலாம். சொல்லாததுதான் எனக்கு…

பிரதீபா: விடுங்கோ. மிச்சத்தைக் கேளுங்கோ.

லோஜன்: சரி… குடும்பக் கேள்வி. கணவர் பேர்?

பிரதீபா: உங்கடை வாயாலையே கேக்கிறியள்.

லோஜன்: என்ரை வாயெண்டு நினையாதை. எம்பசிக்காரன் கேக்கிறான்.

பிரதீபா: சிவதர்ஷன். உரும்பிராய்.

லோஜன்: ஊர் கேக்கேல்லை. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. கலியாணம் எப்ப?

பிரதீபா: போன மாசம் பதினாலாம் திகதி. பதிவுக் கலியாணம். சாட்சி ரெண்டு பேர். அதிலை ஒராள்…

லோஜன்: அதைச் சொல்லாதை.

பிரதீபா: …இடக்கையாலை கையெழுத்து வைச்சவர்.

லோஜன்: பிரதீபா…

பிரதீபா: சன்னதிக் கோயிலிலை தாலி கட்டினதோடை எங்கடை கலியாணத்தைப் பதியாமல் விட்டது நல்லதாப் போச்செண்டு கனகரத்தினம் அண்ணை சொல்லேக்கை, நீங்களும் ஓமெண்டு தலையாட்டினியள்.

லோஜன்: வேறை என்ன செய்திருப்பன்?

பிரதீபா: ஒண்டும் செய்திருக்க ஏலாது. தெரியும். கேளுங்கோ.

லோஜன்: கழுத்திலை கிடக்கிற தாலி… ஆர் கட்டினது?

பிரதீபா: அதையும் கேப்பினமே?

லோஜன்: கேட்டாலும் கேப்பினம்.

பிரதீபா: …அவர்.

லோஜன்: எவர்?

பிரதீபா: சிவதர்ஷன்.

லோஜன்: ம்… பிள்ளையள்?

பிரதீபா: ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டு…

லோஜன்: அங்கை உனக்கு ஆரும் தண்ணி தரமாட்டினம். பிள்ளையள்?

பிரதீபா: இல்… வாய் வருதில்லை. கின்காக்குஜி கூட வருது.

லோஜன்: ஒரு சொல்லு. 'இல்லை.' அவ்வளவுதான்.

பிரதீபா: உங்களுக்கு அவ்வளவுதான்! ஒரு பகல் முழுக்க வயித்துக்குத்தோடை கிடந்து பெத்தவள் நான்…

லோஜன்: சத்தம் போடாதை. தாரிகா பக்கத்து வளவிலை விளையாடுறாள். கேக்கப்போகுது.

பிரதீபா: கேட்டால்தான் என்ன? என்னட்டையே ஓடிவரப் போறாள்? ஒரு கிழமையாப் பாக்கிறன். 'அம்மா' எண்டு ஒருக்காலும் கூப்பிடேல்லை. பசிச்சாலும் உங்களிட்டை, நித்திரை வந்தாலும் உங்களிட்டை. நேற்றுச் சீப்பை வைச்சுக்கொண்டு தலை இழுக்கக் கூப்பிட்டனான். கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு என்னைப் பாக்கிறாள், ஆரோ பிறத்தியாளைப் பாக்கிற மாதிரி.

லோஜன்: சின்னப்பிள்ளையள் அப்பிடித்தான்…

பிரதீபா: இல்லை. நான் விட்டிட்டுப் போறன் எண்டு அவளுக்கு விளங்கீட்டுது. கோவம். இரவு பஸ்ஸுக்குப் போகமுன்னம் மடியிலை தூக்கிவைச்சு ஒருக்காச் சொல்லப்போறன், அம்மா வேணுமெண்டு போகேல்லையடி, அம்மா…

லோஜன்: வேண்டாம். அவளோடை அப்பிடிக் கதையாதை.

பிரதீபா: ஏன்?

லோஜன்: வேண்டாமெண்டால் விடன்.

பிரதீபா: என்ரை பிள்ளையோடை நான் கதைக்கிறதுக்கு என்ன? …ஏன் நிலத்தைப் பாக்கிறியள்? இஞ்சை… என்னைப் பாருங்கோ. அவளுக்கு என்ன சொன்னனீங்கள்?

லோஜன்: அவளுக்கு உன்னிலை கோவமில்லை. எம்பசியிலையிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தால் பிள்ளை உளறிப்போடும் எண்டு கனகரத்தினம் அண்ணை சொன்னவர்… நீ கடைக்குப் போற நேரமெல்லாம் அவளை முன்னாலை இருத்திவைச்சு, 'வீட்டிலை இருக்கிறது ஆர்?' எண்டு கேட்டுக் கேட்டுப் பழக்கினனான். 'அம்மா' எண்டு வாய் திறந்தால் ஏசினனான். முதல் ரெண்டு நாள் அழுதவள். மூண்டாம் நாள் 'அன்ரி' எண்டாள்… இப்ப பிழையே விடுறாளில்லை.