அனுப்பாத அலை

உச்சிப் பொழுது. ஞாயிற்றுக்கிழமை. ஆய்வகத்துக்குப் போகும் நீண்ட சாலையில் ஈ காக்கை இல்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... இது என் தோழியின் அக்கா மகளுக்கு நடந்தது.

வளைவு வந்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன வாரம் அங்கேதான் டொக்கண்ணன் லாரியில் அடிபட்டுச் செத்தார். அவளோடு வேலை பார்த்தவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் மேசையை நகத்தால் தட்டிக்கொண்டே இருப்பார். டொக் டொக்... டொக். அதனால் அந்தப் பெயர். "ஒருநாள் வீட்டுக்கு வந்து உன் பொண்ணுக்குக் காந்த வேடிக்கை காட்டறேம்மா" என்பார். வந்ததே இல்லை.

அவர் பாதியில் விட்ட அளவீட்டை முடிக்கத்தான் போனாள். நகத்தளவு காந்தப் படலம். இரு முனையிலும் முடி போன்ற கம்பி. ஒரு கம்பியில் மைக்ரோவேவ் அலை அனுப்பினால், படலத்துக்குள் காந்தம் அலையாக நெளிந்து ஓடி மறு கம்பிக்கு வரும். அவ்வளவுதான் விஷயம்.

பூட்டிக் கிடந்த அறையில், அப்போதுதான் ஈயம் பற்றவைத்த வாசனை.

கருவியைப் போட்டாள். திரையில் இரண்டு மேடு... இடைவெளி... ஒரு மேடு.

அனுப்பும் கம்பியை அவள் இன்னும் இணைக்கவே இல்லை.

எங்கிருந்தோ அலை காற்றில் கசிவதாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அதற்கு ஒரு சோதனை உண்டு. படலத்தைச் சுற்றியுள்ள பெரிய மின்காந்தத்தை அணைத்தால், காற்றில் வருவது நிற்காது. படலத்துக்குள் ஓடுவது செத்துவிடும். அணைத்தாள். செத்துவிட்டது. மறுபடி போட்டாள். இரண்டு... ஒன்று.

இரண்டு கம்பிகளையும் கேட்க மட்டும் வைத்தாள். எதில் முதலில் விழுகிறதோ, அலை அந்தப் பக்கமிருந்து வருகிறது. அவள் நின்ற பக்கத்துக் கம்பியில்தான் முதலில் விழுந்தது. மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்றாள். இப்போது அந்தப் பக்கத்துக் கம்பி முந்திக்கொண்டது.

அலை அவள் கூடவே சுற்றி வந்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணே... இங்கேயே இருங்க. வீட்டுக்கு மட்டும் வந்துடாதீங்க. குழந்தை இருக்கா."

மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல். மாமியாரிடம் விட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் ஒல்லியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். கருவியைப் போட்டார்கள். திரையில் வெறும் கோடு. மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

ஒல்லிக்கு வாய் சும்மா இருக்காது. "நேத்து உன் கூடவே சுத்துச்சுன்னியே. இன்னிக்கு உன் கூட வரலைன்னா... எங்கடி இறங்கிக்கிச்சு?"

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள். பாட்டி தூங்குகிறாளாம். தனியாக என்ன செய்கிறாய் என்று இவள் கேட்டாள்.

"தனியா இல்லம்மா. மாமாவோட விளையாடறேன்."

மகள் மாமா என்று கூப்பிட இவளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது.

போனில் மகளின் சிரிப்பு. அதற்குப் பின்னால், மரத்தில் நகம் படும் சத்தம். டொக் டொக்...

மூன்றாவதற்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

"அம்மா... மாமா போனைக் கேக்கறாரு."