வடதுருவத்துக்குப் போன வெல்டர்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்தில், என் பக்கத்தில் கம்பெனிச் சீருடையோடு உட்கார்ந்திருந்த பெண் முன்சீட்டுக்காரரின் தோளைத் தட்டினாள். அவளுடைய கணவனை வடதுருவத்துப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெல்டராக அனுப்பிய ஏஜென்ட் அவர்.

“தரைக்கடியில பனி உருகி, அவங்க படுக்கிற கட்டடமே சாஞ்சு நிக்குதாம். எப்பங்க கூட்டியாருவீங்க?”

“பயப்படாதம்மா. துறைமுகத்தைச் சுத்தி மிலிட்டரி நிக்குது. அவ்ளோ பாதுகாப்பு.”

“அது கப்பலுக்குய்யா! என் வீட்டுக்காரருக்கு யாரு காவல்? பாஸ்போர்ட்டையும் புடுங்கி வெச்சிருக்கானுங்க!”

பேருந்து சூளகிரியில் நின்றதும் ஏஜென்ட் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவளும் எழுந்தாள்.

“உன் டிக்கெட் கிருஷ்ணகிரிக்கும்மா,” என்றார் கண்டக்டர்.

“இந்தாளு எங்க போறானோ அங்கதான் நானும்,” என்று சொல்லிவிட்டு ஏஜென்ட் பின்னாலேயே இறங்கிப் போனாள்.